பனிப் படத்தில் அம்மா தூக்கிய கை

முருகேசா,

உன் கடிதம் வந்து இன்றோடு ஆறு நாள். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது, பெண் வீட்டார் கேட்ட பெயர்களையும் சேர்த்துவிட்டேன், மேளத்துக்கும் சொல்லியாயிற்று. அதையெல்லாம் ஒரு கார்டில் எழுதி அன்றைக்கே போட்டிருக்கலாம். நீ கேட்ட இன்னொரு விஷயத்துக்குத்தான் பதில் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். முன்னறையில் மாட்டியிருக்கும் பனிப் படத்தை உன் குவார்ட்டர்ஸுக்குக் கேட்டிருக்கிறாய். போதாக்குறைக்கு, புதுக் கேமரா வாங்கிவிட்டேன், பெங்களூரிலும் காலையில் பனி நன்றாக இறங்குகிறது, கல்யாணம் ஆனதும் வரப்போகிறவளை நிற்க வைத்து அம்மா மாதிரியே கையைத் தூக்கச் சொல்லி அதே போல ஒரு படம் எடுக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி இல்லாவிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லிப் படத்தைக் கட்டி அனுப்பியிருப்பேன். பதினாறு வருஷம் மூடி வைத்ததை இன்னும் கொஞ்ச நாள் மூடி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருப்பேன். இப்போது முடியாது. இதைப் படித்துவிட்டு நீ கல்யாணத்துக்கு என்னை மணையில் உட்கார வைப்பாயா, வேண்டாம் என்பாயா, எனக்குத் தெரியாது. எது செய்தாலும் உன்மேல் தப்பில்லை.

முதலில் நான் ஏன் பனியில் அலைந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நீ பார்த்ததுதான், நம் பிழைப்பே முகங்கள். கல்யாணம், சீமந்தம், புதுமனை, செத்தவரை நாற்காலியில் சாய்த்து எடுப்பது, எல்லாம் முகம். எல்லாரும் வேட்டியைச் சரி செய்துகொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கடன்காரனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். வருஷத்துக்கு முந்நூறு முகம் பார்த்தவனுக்குக் கடவுளே எதிரில் வந்து உட்கார்ந்தாலும் முகவாயைக் கொஞ்சம் தூக்கு என்றுதான் சொல்லத் தோன்றும். மார்கழி பிறந்து தை பாதி வரைக்கும்தான் எனக்கு விடுதலை. விடியும் முன்னே சைக்கிளை எடுத்தால் இந்த ஊரில் எனக்குப் பிடிக்காதது எதுவும் கண்ணில் படாது. சாக்கடை, சுவரெழுத்து, கம்பிகள் எல்லாவற்றையும் பனி மறைத்துவிடும். சர்வதீர்த்தக் குளத்தில் எதிர்க்கரை இருக்காது, படிக்கட்டு நேரே வெள்ளைக்குள் இறங்கிப் போகும். வாலாஜாபாத்துக்குப் போகிற முதல் பஸ் தெரியாது, இரண்டு விளக்கு மட்டும் ஆடிக்கொண்டு வரும். டீக்கடை பாய்லர் பக்கத்தில் நாலு போர்வைகள் நிற்கும், ஆள் இருக்காது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் விடமாட்டார். கண்ணுக்கே தெரியாததை போட்டோ புடிக்கிற ஆளு நீ ஒருத்தன்தான்பா என்பார். நானும் சிரிப்பேன். மனசுக்குள் எனக்குத் திமிர்தான், இந்த ஊரில் எவனுக்கும் தெரியாத அழகு எனக்கு மட்டும் தெரிகிறது என்று.

இனி உன் அம்மாவைப் பற்றி. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே அவள் ஸ்டுடியோவில் எனக்கு ஒத்தாசை. என்ன ஒத்தாசை தெரியுமா? ஆள் வருவதற்கு முன்னால் நான் விளக்கைத் திருப்பி, தூரத்தைச் சரி பார்த்து வைக்கவேண்டும். அதற்கு அவளை ஸ்டூலில் உட்கார வைப்பேன். அடுப்பில் உலை கொதித்தாலும் வந்து உட்காருவாள். நான் இடது கையைத் தூக்கினால் அசையக்கூடாது, மூச்சுகூட மெதுவாகத்தான். ஆச்சு என்று நான் சொன்ன பிறகுதான் எழுந்திருக்கலாம். சில நாள் பார்த்து முடித்த பிறகும் சொல்ல மறந்துவிட்டு உள்ளே போய்விடுவேன். திரும்பி வந்தால் அப்படியே உட்கார்ந்திருப்பாள். இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், எங்க வீட்டம்மாவுக்கு இருக்கிற பொறுமை எவளுக்கும் வராது என்று. ஏழு வருஷம், நூறு தடவையா இருநூறு தடவையா, எனக்கே கணக்கு இல்லை. அத்தனை தடவையும் கேமராவில் பிலிம் கிடையாது. அவளை உட்கார வைத்தேனே ஒழிய ஒரு படம் எடுக்கவில்லை.

உன் தங்கை வசந்தியை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. உனக்கு அப்போது ஆறு நடந்துகொண்டிருந்தது, அவளுக்கு இரண்டு முடிந்து சில மாதம். தறிக்குப் போகிறவர்கள் தூக்குச் சட்டியோடு தெருவில் போனால் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்பாள். அவளுக்கும் ஒரு படம் இல்லை. மொட்டை அடித்துக் காது குத்தும் முன்னால் பிள்ளையைப் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்பது அம்மா வீட்டு வழக்கம். உனக்கும் மூன்று வயதில் மொட்டைத் தலையோடு எடுத்ததுதான் முதல் படம். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஆயுசைப் பற்றிக் கவலைப்பட்டு அல்ல. வீட்டுப் பிள்ளைக்கு எதற்குப் பிலிமை வீணாக்குவது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான்.

சீனச் சண்டை முடிந்த மார்கழி அது. பிலிம் குதிரைக் கொம்பாகிவிட்டது. வெளிநாட்டுச் சரக்கு வருவதில்லை, மதராஸில் இரண்டு நாள் அலைந்து ஒரே ஒரு சுருள் வாங்கி வந்தேன். பன்னிரண்டு படம். கல்யாணங்களுக்கு இல்லை என்று கைவிரித்துவிட்டு அதைப் பனிக்கென்று வைத்திருந்தேன். வசந்திக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், தொண்டையில் கட்டிக்கொண்டு கஞ்சிகூட இறங்கவில்லை. கஷாயம் கொடுத்தோம், விபூதி போட்டோம். காலையில் பெரிய ஆஸ்பத்திரி திறந்ததும் சைக்கிளில் கொண்டுபோவது என்று பேசி வைத்திருந்தோம். விடியற்காலையில் கதவைத் திறந்தேன். முருகேசா, அந்த மாதிரிப் பனியை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. எதிர்வீட்டுத் தூண் இல்லை. என் கையை நீட்டினால் விரல்கள் மங்கலாகத் தெரிந்தன. நான் கேமராவை எடுப்பதைப் பார்த்துவிட்டு அம்மா எழுந்து வந்தாள்.

"இன்னிக்குப் போவாதீங்க. பாப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரியா இழுத்துக்கினு இருக்குது."

நாலு தெரு தள்ளிப் பாவு கட்டுகிற இடம் வரைக்கும்தான், அரை மணியில் வந்துவிடுவேன், ஆஸ்பத்திரி திறக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். வீட்டில் இருந்த ஒரே வண்டி அது. நீ போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாய்.

நாலு தெரு தள்ளித் தெரு நீளத்துக்குப் பாவு கட்டியிருந்தார்கள். பட்டு இழைகளை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துக் கட்டிச் சிக்கெடுப்பார்களே, அதைக் காலை ஈரத்தில் செய்தால் இழை அறாது. நான் ஒரு முனையில் மூன்று கால் ஸ்டாண்டை நிறுத்திக் கேமராவைப் பொருத்தினேன். மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா. அதற்குள் பனி சற்று இளகியிருந்தது. இழைகள் நேராகப் போய் வெள்ளைக்குள் காணாமல் போயின. பனி கொஞ்சம் விலகினால் பின்னால் ஏகாம்பரநாதர் கோபுரத்தின் தலை தெரியும், பிறகு மறையும். எல்லாம் இருந்தது. ஆனால் இழைகள் முடிகிற இடம் வெறிச்சென்று இருந்தது. ஒன்பது படம் எடுத்துவிட்டேன், ஒன்றிலும் எனக்குத் திருப்தி இல்லை. அங்கே ஒரு ஆள் வந்து நின்றால் போதும் என்று நினைத்தேன். வந்து நின்றாள். ஒரு பெண், முந்தானை தோளில் சரிந்து, ஒரு கையை உயரத் தூக்கிக்கொண்டு. இந்தாங்க என்று ஒரு குரல் வந்தது. நான் குனிந்தபடியே என் இடது கையைத் தூக்கினேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

யாரோ என்று நினைத்தேன் என்று ஊருக்குச் சொல்லலாம். உன்னிடம் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியும். குரல் வந்த மாத்திரத்தில் தெரியும். சீக்குப் பிள்ளையை விட்டுவிட்டு ஒருத்தி அந்தப் பனியில் நாலு தெரு ஓடி வருகிறாள் என்றால் எதற்கு என்பதும் தெரியும். தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி குனிந்தேன். கேமராக் கண்ணாடியில் அவள் ஒரு நெல்மணி அளவுதான் இருந்தாள். அதில் அவள் முகம் தெரியவில்லை, அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. பத்தாவது படத்தில் கோபுரம் இல்லை. காத்திருந்தேன். பதினொன்றில் பாதி வந்தது. மறுபடி காத்திருந்தேன். பத்து நிமிஷமா, கால் மணியா, இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. பாவு பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் பொறுக்காமல், யோவ், அந்தம்மா உன்னத்தான் கூப்புடுது என்று அதட்டினார். அவர் அதட்டிய நேரம் கோபுரம் முழுசாக வெளியே வந்தது. பன்னிரண்டாவதையும் எடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். நீ வீட்டில் பார்ப்பது அந்தப் படம். அம்மா அதில் யாருக்கும் டாட்டா காட்டவில்லை. பிள்ளைக்கு மூச்சு நிற்கப் போகிறது வா என்று கூப்பிட்ட கையை, நான் தூக்கிய கையைப் பார்த்து, இறக்காமல் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

சைக்கிளில் அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மிதித்தேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அப்படியே வாங்கிக்கொண்டு அம்மா மறுபடி பின்னால் ஏறினாள். பனியில் எதிரில் வருவது தெரியாமல் பெல்லை அடித்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாதியில், என் முதுகில் பட்டுக்கொண்டிருந்த பிள்ளை மூச்சின் கர்கர் சத்தம் நின்றுபோனது. நின்றது தெரிந்தும் பெல்லை அடித்துக்கொண்டு மிதித்தேன். டாக்டர் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தால் என்று கேட்டேன். அதெல்லாம் இப்போ கேக்காதீங்க என்றார். அவர் ஆம் என்று சொல்லியிருந்தாலும் இல்லை என்று சொல்லியிருந்தாலும் நான் எப்படியோ பிழைத்திருப்பேன்.

அன்று மத்தியானம் பிள்ளையை எடுக்கும் முன்னால் கன்னியம்மா வந்து, நீங்கதான் படம் புடிக்கிறவராச்சே, ஒண்ணாவது எடுத்து வையுங்க, பெத்தவ பாத்துக்குவா என்றாள். ஊரில் செத்த வீட்டுக்கெல்லாம் போய் எடுத்தவன் நான். கேமராவில் ஒரு படம்கூட மிச்சமில்லை. பன்னிரண்டும் பனிக்குப் போய்விட்டது. அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாமல், எடுக்கும் வழக்கம் இல்லை, சின்னப் பிள்ளை என்று பொய் சொன்னேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள், அவ்வளவுதான் போட்டு வைத்திருக்கிறது என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். விதி என்று ஒன்று இருந்தால் அது என்னைப் போல ஆட்களுக்காகத்தான் இருக்கிறது.

இதோடு விட்டாலாவது பரவாயில்லை. காரியம் முடிந்த மறுநாள் டார்க் ரூமுக்குள் போய் அந்தச் சுருளைக் கழுவினேன். ஏன் போனேன், யார் கேட்டார்கள்? கடைசிப் படம் காகிதத்தில் மெல்ல மெல்ல ஏறி வந்தது. முதலில் இழைகள், பிறகு கோபுரம், பிறகு அவள். முருகேசா, உன் தகப்பன் அந்தச் சிவப்பு விளக்கடியில் நின்று சந்தோஷப்பட்டான். மனுஷன் இப்படி ஒரு படம் எடுக்க முடியுமா என்று திரும்பத் திரும்பப் பார்த்தான். மகளைப் புதைத்த கை இன்னும் ஆறவில்லை. மதராஸில் ஒரு போட்டிக்கு அனுப்பினேன், பரிசு வந்தது. பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி முன்னறையில் மாட்டினேன். அன்றிலிருந்து அம்மா முன்னறை வழியாக வருவதில்லை. கறிகாய்க்காரி வந்தாலும் கொல்லை வழியாகப் போய், பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வாசலுக்கு வருவாள். அம்மாவுக்கு ஏன் நைனா கொல்லை வழி பிடிக்கிறது என்று நீ கேட்டிருக்கிறாய். காற்றோட்டமாக இருக்கிறது என்று சொன்னேன்.

நீ அஞ்சாவது படிக்கும்போது சிநேகிதப் பையன்களைக் கூட்டி வந்து படத்தைக் காட்டினாய். இதான் எங்கம்மா, டாட்டா காட்டுது பாரு என்று நீ சத்தமாகச் சொன்னது சமையலறை வரை கேட்டது. உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. நான் வந்து, காரணம் சொல்லாமல், பையன்கள் எதிரில் உன் கன்னத்தில் அறைந்தேன். ஒரு வாரம் என்னோடு நீ பேசவில்லை. அந்த அறை எனக்கு விழவேண்டியது. அன்றைக்கே படத்தைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. அடுத்தடுத்த மார்கழிகளில் பனிக்குப் போகாமலும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷம் போனேன். ஒன்றும் தேறவில்லை. கண்ணில் புரை விழுந்த பிறகுதான் நின்றேன். இப்போது எனக்கு எல்லா நாளும் பனிதான், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதற்குக்கூட லாயக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கடிதத்தை வழக்கம் போலப் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு கேட்டாள். நீ படம் கேட்ட வரி வந்ததும் கை நின்றது. வரப்போகிறவளைக் கையைத் தூக்கச் சொல்லி எடுக்கப் போகிறேன் என்ற வரியையும் முழுங்காமல் படித்தேன். அதன் பிறகு நான் கேட்டேன், பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, என்னை நீ எப்படித்தான் இந்த வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று. அவள் கோபம் எல்லாம் என்மேல் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்தக் கோபத்துக்கு அஞ்சிப் பிழைத்தேன், அதையே எனக்குக் கிடைத்த தண்டனை என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் ஆறுதலும் பட்டிருந்தேன். அவள் சொன்னது வேறு.

"உங்கள நான் எப்பவோ விட்டுட்டேன். நான் இன்னாத்துக்கு நின்னேன்? அதான் எனக்குத் தெரியல."

நான்தான் உன்னைப் பழக்கினேன், கையைத் தூக்கினால் நிற்கவேண்டும் என்று ஏழு வருஷம் பழக்கினேன், உன்மேல் தப்பே இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை. முறத்தைத் தட்டிவிட்டுச் சொன்னாள்.

"பெத்தவளுக்குக் கால் இல்லியா?"

நான் செய்ததை நான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அதை அவள் தலையில் ஏற்றிவிட்டு, கூடவே நடந்து வந்திருக்கிறேன், அவ்வளவுதான். அவள்மேல் தப்பில்லை என்று நீ வந்து சொன்னாலும் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆனாலும் வந்து சொல். நான் சொன்னால் அது தப்பு செய்தவன் சொல்கிற சமாதானம். நீ அவள் வயிற்றில் பிறந்தவன்.

படத்தை உனக்குத் தர முடியாது. நான் தர மறுக்கவில்லை, அம்மாதான் வேண்டாம் என்றாள். எரித்துவிடட்டுமா என்றும் கேட்டேன். அதுவும் கூடாதாம். வசந்திக்கென்று இந்த வீட்டில் வேறு ஒன்றுமில்லை, அவளுக்காகத் தூக்கின கை அது, இருக்கட்டும் என்றாள். பார்க்கவும் முடியாமல், விடவும் முடியாமல் அது சுவரில் தொங்குகிறது. நான் சாகும்வரை அதன் கீழே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நீ கேமரா வாங்கியதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. எடு. மரத்தை எடு, பஸ்ஸை எடு, குளத்தை எடு. உன்னை நம்பி வருகிற பெண்ணை மட்டும் கையைத் தூக்கி நிறுத்தாதே. முதல் தடவை விளையாட்டுக்கு நிற்பாள். பத்தாவது தடவை பழக்கத்தில் நிற்பாள். அதற்குப் பிறகு நீ நில் என்று சொல்லாமலே நிற்பாள், நீ அவளைப் பொறுமைசாலி என்று ஊரில் சொல்லிக்கொண்டிருப்பாய். அவள் கூப்பிட்டால், எதற்காகக் கூப்பிட்டாலும், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பிப் பார். உபதேசம் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை என்று நீ நினைப்பாய். இல்லைதான்.

இன்று காலையும் பனி. விளக்கைப் போட்டுக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருந்தபோது கொல்லைப் பக்கமிருந்து இந்தாங்க என்று அம்மா கூப்பிட்டாள். பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன், கொல்லைப் படி தெரியாமல் இடறி முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். அவள் கையில் பால் குண்டான். இன்னாத்துக்கு இப்படி ஓடியாறீங்க, வாசல்ல பால்காரன் வந்துக்கிறான், அவ்ளோதான் என்றாள். இந்த வீட்டில் அவள் என்னை எப்போது கூப்பிட்டாலும் நான் இப்படித்தான் ஓடுகிறேன், அது உனக்குத் தெரியாது. குண்டானை வாங்கிக்கொண்டு முன்னறை வழியாக வாசலுக்குப் போய்ப் பால் வாங்கி வந்து வைத்தேன்.

உன் நைனா